கொடைக்கானல் வீட்டுக்குச் செங்கல் கணப்பா, மின் ஹீட்டரா?

கேள்வி: நான் கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்தவன். கூட்டுறவு வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். கொடைக்கானலில் ஊருக்குச் சற்று வெளியே ஒரு பழைய ஓட்டு வீடு வாங்கியிருக்கிறோம். மாதம் ஒரு முறை போய் மூன்று நாள் தங்குகிறோம். 78 வயதாகும் என் தாயாருக்கு இளைப்பு உண்டு. இரவுக் குளிர் அவருக்குத் தாங்கவில்லை. முன்னறையில் ஒரு பழைய கணப்பு இருக்கிறது. எவ்வளவு விறகு போட்டாலும் அறை சூடாவதில்லை. செங்கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய ‘மாஸ் ஹீட்டர்’ ஒரு கட்டு விறகில் இரவெல்லாம் சூடு தருவதைக் காணொளியில் பார்த்த என் மகன், அதையே கட்டிவிடலாம் என்கிறான். மருமகளோ மின்சார ஹீட்டர் போதும் என்கிறாள். மின்கட்டணத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அன்புள்ள ஐயா, பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு அறையைச் சூடாக்குவது எப்படி என்று எழுதுவதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். முப்பது ஆண்டுக் கட்டடப் பொறியியல் தொழிலில் என்னிடம் வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் வீட்டைக் குளிரவைப்பது எப்படி என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் மலைமேல் சில வீடுகளைச் செப்பனிட்ட அனுபவம் எனக்கு உண்டு. அவற்றுள் ஒன்றில் நான் செய்த தவறும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், உங்கள் மகன் பார்த்தது கண்கட்டு வித்தை அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். மார்கழி விடியற்காலையில் தாமிரபரணியில் இறங்கிக் குளித்தவர் நீங்கள். தண்ணீருக்குள் இருக்கும் வரை வெதுவெதுப்பாகவும், படித்துறையில் ஏறியவுடன் பல் கிட்டிப்போகும்படியும் இருப்பதை அறிவீர்கள். காற்று ஓர் இரவில் குளிர்ந்துவிடுகிறது, ஆறு அவ்வளவு விரைவில் குளிர்வதில்லை. கனமுள்ள பொருள் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். சித்திரை மாதத்தில் மொட்டைமாடித் தளம் இரவு பதினோரு மணிக்கும் அனல் கக்குவதும், விறகு எரிக்கும் பேக்கரிகளில் தீயை வெளியே இழுத்துவிட்ட பிறகும் செங்கல் அடுப்புக்குள் ரொட்டி வேகுவதும் இதனால்தான். மாஸ் ஹீட்டர் என்பது இந்தக் குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்ளும் கணப்பு. தமிழில் செங்கல் கணப்பு என்றே அதைச் சொல்லிக்கொள்வோம்.

உங்கள் வீட்டில் இருக்கும் திறந்த கணப்பில் தீயின் வெப்பம் பெரும்பாலும் நேராகப் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகிறது. அதோடு நில்லாமல், எரிகிற தீ அறையிலுள்ள காற்றையும் உறிஞ்சி மேலே அனுப்புவதால், அதற்கு ஈடாக ஜன்னல் இடுக்கு வழியாகவும் ஓட்டு இடுக்கு வழியாகவும் வெளிக்குளிர் உள்ளே வருகிறது. தீக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு முகம் காயும், முதுகு விறைக்கும். விறகிலுள்ள வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறைக்குள் தங்கினாலே அது நல்ல கணப்பு. செங்கல் கணப்பில் அப்படி இல்லை. அதில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம், காற்றைத் தாராளமாக விட்டு, வேகமாகத் தீ எரிக்க வேண்டும். வேகமான தீயில்தான் விறகிலிருந்து எழும் வாயுக்களும் முழுதாக எரிந்து புகை குறையும். அந்தச் சூடான வாயு நேரே வெளியேறாமல், கனத்த செங்கற்களுக்குள் ஏறி இறங்கி வளைந்து போகும் பாதையில் தன் சூட்டை ஒப்படைத்துவிட்டுக் கடைசியாகப் புகைபோக்கியை அடையும். தீ அணைந்த பிறகு செங்கல் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலுமோ மெதுவாகச் சூட்டை விடும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஸ்வீடனில் விறகுத் தட்டுப்பாடு மிகுந்திருந்த காலத்தில், 1767-இல், கார்ல் யோஹன் க்ரோன்ஸ்டெட் என்பவரும் ஃபாபியன் வ்ரேடே என்பவரும் புகைப்பாதையைச் செங்கல்லுக்குள் மேலும் கீழுமாக வளைத்து ஓடவிட்டு, அதே விறகில் பல மடங்கு சூடு பெறும் கணப்பை வடிவமைத்தார்கள். கொரியாவில் அதற்கும் நெடுங்காலம் முன்பே, சமையலடுப்பின் புகையை வீட்டுத் தரைக்கு அடியில் ஓடவிட்டுத் தரையைச் சூடாக்கி அதன்மேல் படுத்தார்கள். உங்கள் மகன் பார்த்தது, மண் திண்ணைக்குள் புகைக்குழாய் ஓடும் வகையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அது 1980-களில் அமெரிக்காவின் ஒரேகான் பகுதியில் உருவானது. திண்ணை என்றதும் நமக்குப் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

ஆனால் இந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அங்கே குளிர்காலம் ஐந்து மாதம், ஆறு மாதம் நீளும். மக்கள் அந்த வீட்டிலேயே வசிப்பார்கள். கணப்பு ஒரு நாளும் முழுதாக ஆறுவதில்லை. நீங்களோ மாதத்தில் மூன்று நாள் போகிறீர்கள். விறகா, மின்சாரமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். நான் முதலில் கேட்பது, அந்த வீட்டில் எத்தனை நாள் இருக்கப் போகிறீர்கள் என்பதை. கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

பதினான்கடிக்குப் பன்னிரண்டடி அறை, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஒரு ஜன்னல், அடியில் உள்கூரையாக மரத் தட்டு இறக்கிய ஓட்டுக் கூரை என்று வைத்துக்கொள்வோம். வெளியே பத்து டிகிரி இருக்கும்போது உள்ளே இருபது டிகிரியில் நிறுத்த, அந்த அறைக்குத் தொடர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோவாட் அல்லது சற்று அதிகமான சூடு தேவைப்படும். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்; மாலை ஆறு முதல் காலை ஆறு வரை என்றால், ஓர் இரவுக்குப் பதினான்கு, பதினைந்து யூனிட். மின் ஹீட்டர் எந்த வகையானாலும், உள்ளே போகும் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் சூடாகவே வெளிவரும். ஆயில் ஹீட்டர் (உள்ளே அடைத்த எண்ணெயை மின்சாரத்தால் சூடாக்கும் வகை) குறைந்த மின்சாரத்தில் அதிகச் சூடு தரும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். மூன்று இரவுக்கு 45 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 90 யூனிட். நீங்கள் ஊரிலிருக்கும் நாட்களில் அந்த வீட்டில் வேறு பெரிய செலவு இல்லாததால், இந்த 90 யூனிட்டும் கட்டணப் படியின் கீழ்ப்படிகளிலேயே அடங்கும். நீங்கள் பயப்படும் தொகை இதில் இல்லை.

இப்போது விறகைப் பார்ப்போம். நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகில் நான்கு யூனிட் அளவுக்கு வெப்பம் உண்டு. ஒழுங்காகக் கட்டிய செங்கல் கணப்பு அதில் பத்துக்கு ஏழு பங்கையாவது அறைக்குத் தரும். எனவே ஓர் இரவுக்கு ஐந்தரைக் கிலோ விறகு போதும். உங்கள் மகன் சொல்லும் ஒரு கட்டு இதுதான். அதே சூட்டைத் திறந்த கணப்பிலிருந்து பெற வேண்டுமானால் முப்பது கிலோவுக்கு மேல் போட வேண்டும். வருடத்தில் நான்கு மாதம் தொடர்ந்து அங்கே தங்குபவர் மின்சாரத்தில் சூடேற்றினால் இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் வரை ஓடி, கட்டணம் மேல்படிகளுக்கு ஏறிவிடும். அப்படிப்பட்டவருக்குச் செங்கல் கணப்பு உண்மையிலேயே மிச்சம்தான்.

உங்கள் நிலை வேறு. ஒன்றரை டன் செங்கல், அதாவது ஏறக்குறைய ஐந்நூறு கல், நாற்பது டிகிரி சூடேறினால் அதற்குள் பதினான்கு யூனிட் தேங்கி நிற்கும். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நீங்கள் போய்ச் சேரும்போது, இருபத்தேழு நாள் ஆறிக் கிடந்த செங்கல் முதலில் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். சூடு செங்கல்லுக்குள் மணிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில்தான் நகரும். வெளிப்பரப்பு வெதுவெதுப்பாவதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும். அதுவரை உங்கள் தாயார் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். திங்கள் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு நீங்கள் வத்தலக்குண்டு இறங்கும் நேரத்தில், கல்லில் மிச்சமிருக்கும் சூடு ஆளில்லாத அறையில் வெட்டியாக வெளியேறிக்கொண்டிருக்கும். விருந்தாளியாகப் போகிற வீட்டுக்குக் கனத்த கணப்பு பொருந்தாது. சுவிட்சைத் தட்டினால் அரை மணியில் பயன் தெரிகிற பொருளே பொருந்தும். மருமகள் சொன்னதுதான் சரி.

தாயாரின் இளைப்பு இதைவிடப் பெரிய காரணம். எவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய கணப்பானாலும், தீ மூட்டும் முதல் பத்து நிமிடமும், கதவைத் திறந்து விறகு தள்ளும் கணமும் கொஞ்சம் புகை உள்ளே வராமல் இராது. கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு மேல் 2100 மீட்டர் அளவில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. புகைபோக்கியின் இழுப்பும் அந்த அளவுக்குக் குறையும். மூடுபனி அமர்ந்த மாலையில், குளிர்ந்து கிடக்கும் புகைபோக்கி முதலில் புகையைத் திருப்பியே அனுப்பும். நெஞ்சில் இளைப்புள்ளவருக்கு இது ஆகாது. குளிருக்காகத் தணல் சட்டியையோ கரி அடுப்பையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கம் வருவதுபோல் வந்து ஆளையே கொண்டுபோய்விடும். மலைவாசஸ்தல விடுதிகளில் இப்படி உயிர்போன செய்திகள் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன.

விறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் அப்பளத்தை எப்படிக் காய வைப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விறகுக்கும் அதே அக்கறை வேண்டும், ஒரு நாளுக்குப் பதில் ஓர் ஆண்டு. பச்சை மரத்தில் எடையில் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே தீயின் ஒரு பகுதி செலவாகிவிடும், கிலோவுக்கு நான்கு யூனிட் என்று நான் போட்ட கணக்கு இரண்டாகிவிடும், புகைபோக்கியின் உட்புறத்தில் தார்போல் கீல் படிந்து ஒரு நாள் அதுவே தீப்பற்றவும் கூடும். நம் பக்கத்தில் உடைமுள்ளை வெட்டி இரண்டு மாதம் வெயிலில் போட்டால் கலகலவென்று காய்ந்துவிடும்; கொடைக்கானல் ஈரத்தில் அது நடக்காது, கூரையும் காற்றோட்டமும் உள்ள விறகுக் கொட்டகை வேண்டும். மேலும், வீட்டைச் சுற்றிக் காடு இருப்பதால் விறகு இலவசம் என்று மகன் நினைத்திருந்தால் அதைத் திருத்திவிடுங்கள். கொடைக்கானல் மலைக்காடுகளின் பெரும்பகுதி 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே அனுமதியின்றிச் சுள்ளி பொறுக்குவதும் குற்றமாகும். பட்டா நிலத்தில் வளர்ந்த சீகை மரமோ தைல மரமோ விலைக்கு வாங்கித்தான் எரிக்க வேண்டும்.

இனி என் தவறு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மலைமேல் வசிக்கும் ஒருவர் கேட்டதற்காக நான் ஒரு செங்கல் கணப்பைக் கட்டிக் கொடுத்தேன். நம் ஊர்க் கொத்தனாரை அழைத்துப் போய், வழக்கம்போல் சிமெண்டுக் கலவையில் கட்டச் சொன்னேன். தீ எரியும் உள்கூட்டுக்கு மட்டும் அதிக வெப்பம் தாங்கும் நெருப்புச் செங்கல், மற்றதெல்லாம் சாதாரணக் கல், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லை. இரண்டாவது வாரமே வெளிச்சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்து, வெடிப்பு வழியே புகை அறைக்குள் வந்தது. அளவுக்கு மீறிய வெப்பத்தில் சிமெண்டு தன் பிடிப்பை இழந்துவிடும் என்பதும், உள்கூடு விரிவதற்கு இடம் வேண்டும் என்பதும் புத்தகத்தில் படித்திருந்தும் கைக்கு வரவில்லை. கட்டியதைப் பிரித்து, உள்கூட்டை நெருப்புக் களிமண்ணிலும் வெளிக்கூட்டைச் செம்மண் சேற்றிலும் தனித்தனியாகக் கட்டி, நடுவில் விரல் பருமன் இடைவெளி விட்ட பிறகுதான் அது நின்றது. செலவு என்னுடையது, அது நியாயமும்கூட. காணொளியைப் பார்த்து மகன் கட்ட முயன்றால் இதே இடத்தில்தான் சறுக்குவார். அத்துடன், ஒன்றரை டன் கனம் ஒரு சதுர மீட்டர் இடத்தில் இறங்கும். வீட்டுத் தளங்களை நாங்கள் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரத்துக்குத்தான் கணக்கிடுகிறோம். மரத் தரையிலோ மாடியிலோ வைக்கவே கூடாது. தரைத்தளத்தில் வைத்தாலும் தனி அஸ்திவாரம் எடுக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எந்த ஹீட்டரையும் வாங்குவதற்கு முன் அந்தப் பழைய கணப்பின் தொண்டையை, அதாவது புகைபோக்கி தொடங்கும் வாயை, அடைத்துவிடுங்கள். தீ இல்லாத நேரத்திலும் அது அறையின் சூடான காற்றை ஓயாமல் மேலே இழுத்துக்கொண்டேயிருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஹீட்டர் போடுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. ஒரு தகரத் தட்டைப் பொருத்தி, ‘அடைத்திருக்கிறது, தீ மூட்டாதே’ என்று கண்ணில் படும்படி எழுதியும் வையுங்கள். அடுத்து, தாயார் படுக்கும் அறையின் ஓட்டுக் கூரைக்குக் கீழே மரத்தட்டு இல்லையென்றால் முதல் செலவு அதற்கே. கதவிடுக்கு, ஜன்னலிடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டி, கனமான திரை போடுங்கள். இவ்வளவையும் செய்தாலே நான் சொன்ன ஒரு கிலோவாட் முக்கால் கிலோவாட்டாக இறங்கக்கூடும்.

ஹீட்டரில், இரவெல்லாம் படுக்கையறையில் இருப்பதற்கு ஆயில் ஹீட்டரே ஏற்றது. சத்தமில்லை, சிவந்த கம்பி இல்லை, போர்வை நுனி பட்டாலும் உடனே பற்றிக்கொள்ளாது. காற்றை ஊதும் வகையைக் குளித்துவிட்டு உடை மாற்றும் பத்து நிமிடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மின் ஹீட்டர் அறையிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடும் என்ற பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். எரிதல் இல்லாத இடத்தில் பிராணவாயு குறைய வழியில்லை. காற்று வறண்டுவிடும் என்பதும் கொடைக்கானலுக்குப் பொருந்தாது. மூடுபனியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஈரப்பதத்துடன் இருக்கும் பத்து டிகிரிக் காற்றை இருபது டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஐம்பது அளவில் வந்து நிற்கும். அது மூச்சுக்கு இதமானது.

பிற்காலத்தில் தங்கும் நாட்கள் கூடினால், சூடும் குளிரும் தரும் இன்வெர்ட்டர் ஏசி ஒன்றைப் பொருத்தலாம். அது சூட்டை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இறைத்துக் கொடுக்கிறது. கொடைக்கானல் குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கும். விறகோடு போட்டி போடக்கூடிய மின் சாதனம் இது ஒன்றுதான்.

தாயாருக்கு மட்டும் என்றால் இன்னும் எளிய வழி உண்டு: படுக்கை விரிப்புக்கு அடியில் போடும் மின்கம்பளம். அறை முழுவதையும் சூடாக்க ஆயிரம் வாட் கேட்கும் இடத்தில், படுக்கையைச் சூடாக்க அதற்கு நூறு வாட் போதும். படுப்பதற்கு அரை மணி முன்பு போட்டு, படுத்ததும் குறைத்துவிடலாம். முதியவர்களுக்குச் சூடு உறைப்பது தாமதமாகத்தான் தெரியும் என்பதால், தானே நின்றுவிடும் வசதியுள்ளதாகப் பார்த்து வாங்கி, அந்தப் பொறுப்பை மருமகளிடம் கொடுங்கள்.

கடைசியாக வயரிங். இரண்டாயிரம் வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டின் ஐந்து ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகும். தனி வயர் இழுத்த பதினாறு ஆம்பியர் பிளக், எர்த், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் மூன்றும் இல்லாமல் ஹீட்டரை அந்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். மலையோரக் கம்பிகளில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்கவும் கூடும். 230 வோல்ட்டில் இரண்டாயிரம் வாட் தரும் ஹீட்டர் 190 வோல்ட்டில் ஆயிரத்து நானூறுக்கும் கீழேதான் தரும், பழுதென்று எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

அடுத்த முறை போகும்போது சாதாரணச் சுவர் வெப்பமானி ஒன்றை எடுத்துப் போங்கள். தாயாரின் அறையில் இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் அது காட்டும் அளவையும், அறையின் நீள அகலத்தையும், கூரைக்குக் கீழே தட்டு உண்டா என்பதையும், மாலை ஏழு மணி மின்னழுத்தத்தையும் குறித்து எழுதினால், எத்தனை வாட் ஹீட்டர் வாங்க வேண்டும் என்று திட்டமாகச் சொல்கிறேன். மகனிடம், அவர் ஓய்வு பெற்று மலைமேல் குடியேறும் நாளில் செங்கல் கணப்பைக் கட்டிக்கொள்ளலாம் என்றும், செம்மண் கலவை விகிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றும் தெரிவியுங்கள்.